திருகாணியைக் கழற்றித் தந்த பத்மா மேடம்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன். பொங்கல் விழாவன்று மண்டபத்துப் படியேறி வந்த பத்மா மேடம் பாதியில் நின்று, சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல மூச்சு வாங்கிக்கொண்டார். வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். பக்கத்திலிருந்த என் மனைவியிடம், "இந்தம்மா அடுத்த பொங்கலுக்கு இருக்க மாட்டாங்கட்டி" என்றேன். "வாயக் கழுவும்" என்றாள். நான் சொல்லி நடக்காதது எதுவும் இல்லை என்று தாராவியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த ஒன்று மட்டும் பொய்த்துப் போயிருக்கலாம்.

செய்தி வந்தபோது கல்யாணில் மச்சினன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். கோபர்கைரனேயில் இருக்கும் மேடத்தின் மகள் லதா போன் செய்தாள். "மாமா, அம்மா போயிட்டா" என்றாள். அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என்னைப் பேசாமல் நிறுத்தக்கூடியவர் இந்த ஊரில் ஒரே ஒருவர்தான். போன பிறகும் அதைச் செய்துவிட்டார். இலையை மடித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மேடம் வீடு இருக்கும் மாட்டுங்கா வரை நின்றுகொண்டே வந்தேன். வண்டியில் உட்கார இடம் இருந்தது.

மேடத்தை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. அறியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். செம்பூரிலிருந்து டிராம்பே போகும் சாலையில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடம் இருந்தது. அதில் உலோகப் பிரிவுக்கு அவர்தான் தலைமை. கட்டடத்துக் கம்பி, பாலத்து போல்ட், கொதிகலன் தகடு, எது வந்தாலும் இழுத்து, வளைத்து, அழுத்திப் பார்த்துவிட்டு, தேறும் தேறாது என்று கையெழுத்துப் போடுபவர். அவர் இழுத்துப் பார்ப்பதற்கான துண்டுகளை லேத்தில் கடைந்து கொடுத்தவன் நான். எட்டாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. ஆனால் லேத்தில் என் கைக்கு ஈடு மும்பையில் கிடையாது. ஜெர்மனியிலிருந்து மெஷின் மாட்ட வந்த இன்ஜினியர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை எங்கள் ஊருக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். மேடம்தான் விடவில்லை.

கம்பியை இழுத்துப் பார்க்கும் சோதனையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நடுவில் மெலிதாகக் கடைந்த துண்டின் இரண்டு முனையையும் மெஷின் கவ்விக்கொண்டு இழுக்கும். கம்பி மெல்ல நீளும், இடுப்பு சிறுக்கும், பிறகு துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு அறுந்துவிடும். எல்லாரும் எவ்வளவு பாரத்தில் அறுந்தது என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். மேடம் அந்த இரண்டு துண்டையும் எடுத்து, அறுந்த வாயோடு வாயைப் பொருத்தி வைத்து, எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளப்பார். அதுவும் சோதனையில் ஒரு பகுதிதான். ஆனால் அவர் பொருத்துகிற விதமே வேறு. காயம் பட்ட விரலுக்குத் துணி சுற்றுகிற பொறுமை அதில் இருக்கும். "அறுந்துடுத்துன்னு மட்டும் எழுதினா போறாது. அதுக்கு முன்னாடி எத்தனை தாங்கித்துன்னும் எழுதணும்" என்பார்.

ஒரு நாள் கம்பி ஒன்றைக் கையில் வாங்கினதுமே, "மேடம், இது தேறிரும். எங் கண்ணு சொல்லுது" என்றேன். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். எங்கள் கூடத்தில் சரிபார்க்காத கருவிகளின் மேல் ஒட்டுவதற்குச் சிவப்புச் சீட்டு இருக்கும், 'பயன்படுத்தாதே' என்று. அதில் ஒன்றை எடுத்து என் மூக்குக்கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினார். "உங்க கண்ணை எப்போ சரிபார்த்தோம், சொக்கலிங்கம்?" என்றார். அன்று முழுக்க அதோடுதான் வேலை செய்தேன். கம்பி தேறியது என்றுதான் எனக்கு ஞாபகம்.

கோயில் மணி விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருவில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். கூடவே இருந்து பார்த்தவன் நான்.

கும்பாபிஷேகத்துக்குப் புது மணி வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்து, வார்ப்புப் பட்டறை வைத்திருந்த சுடலைமுத்து அண்ணாச்சியிடம் வேலையைக் கொடுத்தது. வெண்கலம் உருகிக்கொண்டிருந்தபோது தெருப்பெண்கள் வரிசையாக வந்து கொலுசு, மெட்டி, ஒற்றைக் கம்மல், மூக்குத்தி என்று உலோகம் உருக்கும் கலமான மூசைக்குள் போட்டுக் கும்பிட்டார்கள். என் மனைவி போட்ட மோதிரத்தின் கனத்தில் மூசையே ஆடியது. மணி நன்றாக வந்தது. அடித்தால் மாஹிம் வரை கேட்டது. ஐம்பொன் மணி என்று சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டுக் கோயிலில் மாட்டுவோம் என்று யோசனை சொன்னவன் நான்தான். மணிக்கு நாக்குக் கட்ட ஓட்டை போட்டபோது உதிர்ந்த சீவலைப் பொட்டலமாகக் கட்டி மேடத்திடம் கொடுத்தேன்.

எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் மெஷின் அங்கே உண்டு. மேடம் பார்த்து எழுதிக் கொடுத்தார். செம்பு இவ்வளவு, வெள்ளீயம் இவ்வளவு, வெள்ளி துளியளவு. தங்கத்துக்கு நேராக, 'கருவிக்குத் தென்படவில்லை'.

கமிட்டித் தலைவர் பரமசிவம் அதைக் கோயில் வாசலில் நின்று படித்தார். பிறகு யாரோ கேட்டார்கள்: "கொலுசு வந்துட்டு. கம்மல் எங்கவே போச்சு?"

அவ்வளவுதான். "எம் மவ காதுல கெடந்ததக் களட்டிப் போட்டேன். சாமிக்குப் போட்டது அவன் பொண்டாட்டி களுத்துல கெடக்கோ என்னமோ" என்றாள் ஒருத்தி. ஆயிரம் பேர் கூடிவிட்டார்கள். நம் தெருவில் அத்தனை பேர் இல்லை, ஆனாலும் கூடிவிட்டார்கள். பட்டறைக் கதவில் கமிட்டிப் பூட்டு தொங்கியது. கல்யாண் கோயிலிலிருந்து வந்திருந்த விளக்கு ஆர்டரை அவர்கள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கள்ளன் என்று பெயர் வாங்கிய வார்ப்புக்காரனை நம்பி யார் ஒரு குந்துமணிப் பொன்னைக் கொண்டுவந்து உருக்கக் கொடுப்பார்கள்?

சுடலைமுத்து அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு செம்பூருக்குப் போனேன். அவர் மேடத்தின் மேஜைக்கு முன்னால் நின்று கைகூப்பினார்.

"தாயி, இருக்குன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. நான் பொழச்சுக்கிடுவேன்."

"நான் பாக்கலையே, எப்படி எழுதறது?"

"அப்பம் இல்லைன்னு சொல்லுதீங்களா?"

"அதுவும் நான் எழுதலை. என் மெஷினுக்குத் தெரியலைன்னுதான் எழுதியிருக்கேன்."

"ஊருக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. நான் கள்ளனா?"

"அதையும் என் மெஷின் சொல்லலை" என்றார் மேடம்.

எனக்கே கோபம் வந்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்தவன் கேட்கிறேன், ஒரு மனிதன் அழுதுகொண்டு நிற்கிறான், பேனாவால் ஒரு சுழி சுழித்தால் முடிந்தது. அவர் அசையவில்லை. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போன பிறகு மேடம் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம், "ஞாயித்துக்கிழமை பட்டறையைத் திறக்கச் சொல்லுங்கோ. எல்லாரும் இருக்கணும்" என்றார்.

மாட்டுங்காவிலிருந்து தாராவி எட்டிப் பிடிக்கும் தூரம்தான். ஆனாலும் மேடம் அதுவரை எங்கள் சந்துக்குள் வந்ததில்லை. நூல் சேலையும் கைப்பையுமாக, சாக்கடையைத் தாண்டித் தாண்டி வந்தார். மணிக்கு எவ்வளவு வெண்கலம் உருக்கினீர்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டார். பெண்களிடம் யார் யார் என்ன போட்டீர்கள் என்று கேட்டார். சேர்த்துப் பார்த்தால் தங்கம் ஒரு பிடிகூட இல்லை, வெண்கலமோ இரண்டு ஆள் கனம். கணக்குப் போட்டுவிட்டு, அதே விகிதத்துக்குக் கொஞ்சம் வெண்கலத்தை நிறுத்து மூசையில் போடச் சொன்னார். பிறகு காதில் கை வைத்து, தோட்டின் பின்னால் இருக்கும் திருகாணியைத் திருகிக் கழற்றினார். அதையும் தராசில் நிறுத்து, கணக்குக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்தார்.

"நான் இப்போ தங்கம் போடறேன். எல்லாரும் பாத்துக்கோங்கோ. நாளைக்கு இதை மெஷின் பாக்கறதான்னு பாப்போம்."

"பாத்துட்டுன்னா?" என்றார் பரமசிவம்.

"பாத்துட்டா, மணியில போட்டதையும் அது பாத்திருக்கணும்னு நானே எழுதித் தரேன்."

நான் மேடத்தின் அருகில் போய் மெதுவாக, "மேடம், மெஷினுக்குத் தெரியாதுன்னு உங்களுக்கு நிச்சயம்தானே?" என்றேன்.

"தெரியாதுன்னுதான் நெனைக்கறேன். பண்ணிப் பாத்ததில்லை" என்றார்.

திருகாணி உள்ளே விழுந்தது. அண்ணாச்சி கலக்கி அச்சில் ஊற்றினார். ஆறினதும் ஓட்டை போட்டுச் சீவல் எடுத்தோம். பொட்டலத்தைப் பரமசிவம் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இரவு முழுக்கக் கழற்றாமல் அந்தச் சட்டையோடேயே தூங்கினதாக அவர் சம்சாரம் சொன்னாள். மறுநாள் பரமசிவமும் அண்ணாச்சியும் நானும் செம்பூருக்கு பஸ் பிடித்துப் போனோம். பரமசிவம் தன் கையாலேயே சீவலை மெஷினில் வைத்தார்.

செம்பு வந்தது. வெள்ளீயம் வந்தது. தங்கம் தென்படவில்லை. மேடம் இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். அப்போதும் தென்படவில்லை.

"நானே பாத்தேனே மேடம், உங்க காதுலருந்து களட்டிப் போட்டத" என்றார் பரமசிவம்.

"நீங்க பாத்தேள். மெஷின் பாக்கலை" என்றார் மேடம்.

அண்ணாச்சி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் பரமசிவம் தன் கையாலேயே பட்டறைப் பூட்டைத் திறந்தார். "கண்ணு முன்னால போட்ட தங்கமே அந்த மெஷினுக்குத் தெரியல. பொறவு எத வச்சு இவனக் கள்ளன்னு சொல்ல?" என்றார். கூட்டம் கலைந்தது. மேடம் கடைசிவரை ஐம்பொன் என்று எழுதித் தரவில்லை. வாங்கி வைத்த சட்டத்தில் முருகன் படம் போட்டோம்.

அண்ணாச்சி தங்கத்தை எடுத்தாரா இல்லையா என்பது எனக்கும் தெரியாது. எடுக்கவில்லை என்று அப்போதே அடித்துச் சொன்னேன், இப்போதும் சொல்வேன். ஆனால் மேடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த ஒரு காதில் அதன் பிறகு திருகாணிக்குப் பதில் சின்ன ரப்பர் துண்டு மாட்டியிருந்தார். புதிது வாங்கித் தருகிறோம் என்று கமிட்டி சொன்னது. "சோதனைக்குன்னு போட்டதுக்கு யாராவது திருப்பி வாங்குவாளா?" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான்.

சுடுகாட்டுக்கு அண்ணாச்சி வந்திருந்தார். ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒத்த வார்த்தை எழுதியிருந்தா இந்தம்மாவுக்கு என்னவே கொறஞ்சிருக்கும்?" என்று என்னிடம் கேட்டார். இத்தனை வருஷமாக அந்தக் கோபம் அவருக்குத் தீரவில்லை. கேட்டுவிட்டு விம்மி அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

செம்பூர் ஆஸ்பத்திரியில் கடைசி மத்தியானம் நான் மேடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து, "சொக்கலிங்கம், நீங்க கடைஞ்சு குடுக்கலைன்னா நான் எதைச் சோதிச்சிருப்பேன்?" என்றார். சுடுகாட்டில் இதைச் சொன்னபோது பலரும் கண்ணைத் துடைத்தார்கள். இரங்கல் கூட்டத்திலும் சொன்னேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு கேள்விதான். எதைச் சொல்லிக்கொண்டு போனாலும் அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நீங்க பாத்தேளா?" என்பார். லதா இந்த நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னதிலிருந்து நாலு தாள் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு வரியிலும் அதே குரல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பூரான் மாதிரி ஊர்கிறது. மற்றதையெல்லாம் சமாளித்துவிட்டேன். மூசை ஆடினதையும் மாஹிமில் கேட்டதையும் நீங்களே தள்ளுபடி செய்துகொள்வீர்கள். ஆஸ்பத்திரிக் கதையை மட்டும் அப்படி விட முடியவில்லை.

மேடம் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் போனபோது முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தது, கண் மூடியிருந்தது. உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். வெளியே லதா உட்கார்ந்திருந்தாள். அம்மா என்னைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொன்னதுண்டா என்று அவளிடம் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள்.

"ஞாபகம் வரலை மாமா" என்றாள்.

அவள் சொன்னது அதுதான். அப்படியே எழுதியிருக்கிறேன்.