இசக்கிப் பெட்டியின் உள்ளே

நான் பெட்டிக்காரன். பெயர் சுப்பு. கிதார் ஆம்ப்ளிஃபயருக்கு வெளிப்பெட்டி செய்வது என் வேலை. பிளைவுட்டை அறுத்து, மூலை சேர்த்து, ரெக்ஸின் ஒட்டி, கைப்பிடி முடுக்கிக் கொடுத்தால் தீர்ந்தது. உள்ளே என்ன போகிறது என்று எனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடே. இத்தனை வருஷம் பக்கத்துப் பட்டறை வீரபாண்டிக்குப் பெட்டி செய்து கொடுத்தும், உள்ளே பூட்டுவதை அந்த மனிதர் ஒரு நாளும் என்னைப் பார்க்க விட்டதில்லை. கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவனைச் சாப்பிடும் நேரத்தில் வெளியே நில் என்று சொன்னதுபோல எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மலையாள நாட்டின் தலைநகரில், சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெரு முடிந்து கிள்ளிப்பாலம் தொடங்குகிற இடத்தில் ஒரு சந்து. அதில் என் பட்டறை, அடுத்தது அவருடையது. இரண்டு பேருமே நெல்லைச் சீமை. அவருக்கு வள்ளியூர்ப் பக்கம். அவர் அப்பா சாலைக் கம்போளத்து அரிசி மண்டியில் மூட்டை தூக்கினார். மகன் மூட்டை தூக்காமல் ரேடியோ ரிப்பேர் கடையில் உட்கார்ந்தான். அதுவே அந்தக் குடும்பத்தில் பெரிய உத்தியோகமாகப் பேசப்பட்டது.

எலெக்ட்ரிக் கிதாரை வெறுமனே மீட்டினால் கொசு பாடுவதுபோல்தான் கேட்கும். ஆம்ப்ளிஃபயரில் சொருகினால்தான் அதற்கு உயிர். சத்தத்தைப் பெரிதாக்குவது மட்டுமல்ல, அதன் குணத்தையே அந்தப் பெட்டிதான் தீர்மானிக்கிறது. அதிலும் பழைய ரேடியோவில் இருக்குமே கண்ணாடி வால்வு, அதைப் போட்டுச் செய்கிற பெட்டிக்கு வாசிக்கிறவர்களிடம் தனி மரியாதை. மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையின் ஆம்ப்ளிஃபயரைப் பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கி வந்து, அதன் உறுப்புகளைப் பிரித்து, ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுப் பொறுக்கி, வீரபாண்டி தன் முதல் பெட்டியைச் செய்தார். அதற்குக் குலதெய்வத்தின் பெயரை வைத்தார். முகப்பில் பித்தளைத் தகடு, அதில் 'இசக்கி' என்று நான்தான் வெட்டிக் கொடுத்தேன். கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சடைமுடிப் பையன்கள் அந்தப் பெயரைத் தப்பும் தவறுமாக உச்சரித்துக்கொண்டு எங்கள் சந்துக்கு வழி கேட்டு வந்தார்கள்.

முதல் பெட்டியை அவர் விற்கவில்லை. அதைத் தாய்ப்பெட்டி என்பார். புதிதாக ஒன்றைச் செய்தால், அதையும் தாயையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் மாற்றி மாற்றி ஒரே சுரத்தை மீட்டிக் கேட்பார். சத்தம் ஒத்துப்போகிற வரைக்கும் உறுப்புகளை மாற்றிக்கொண்டே இருப்பார். காகிதத்தில் ஒரு கோடுகூடப் போட்டு வைத்ததில்லை. எழுதி வைத்தால் என்ன என்று நான் கேட்டதற்கு, "எழுதி வச்சா எழுதினதக் களவாண்டுட்டுப் போவான். தாய் இருக்கும்போது நமக்கு என்னத்துக்கு வே எழுத்து?" என்றார். அந்தத் தாய்தான் அவருக்கு எல்லாமும். அது இருந்தால் அவர் இருப்பார். அவ்வளவுதான் கணக்கு.

அப்படி இருக்கும்போது ஜெயந்த் வந்தான். கோட்டைக்குள் அக்ரகாரத்துப் பையன், எஞ்சினீயரிங் படித்தவன், கிதார் வாசிப்பவன். இசக்கியின் சத்தத்தைக் கேட்டு அசந்துபோனான்.

"அண்ணா, இதோட பின்பக்கத்தை ஒருதரம் திறந்து காட்டுங்கோளேன். சும்மா பாத்துட்டுப் போயிடறேன்."

புகழ்ந்தால் வீரபாண்டி வேட்டியைக்கூட அவிழ்த்துக் கொடுப்பார். தாய்ப்பெட்டியின் பின்பலகையைக் கழற்றிக் காட்டினார். எனக்குக் காட்டாததை அவனுக்குக் காட்டினார் என்பதில் எனக்கு வயிறு எரிந்தது உண்மை. பையன் குனிந்து பார்த்தான். கையில் போன் இருந்தது. படம் எடுத்தானா என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அப்புறம் அவன் கொச்சிக்குப் போய்ச் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் செய்ய ஆரம்பித்தான். ஒரு கல்லூரி விழாவில் அது மேடையில் இருந்தது. நானும் வீரபாண்டியும் கூட்டத்தில் நின்றோம். இரண்டு மீட்டு மீட்டியதுமே அவர் முகம் மாறிவிட்டது.

"இது என் சத்தம் வே."

"நல்லாக் கேட்டுப் பாத்துச் சொல்லும்."

"பெத்தவனுக்குப் பிள்ளையோட அழுகை தெரியாதா?"

எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மரத்தைத் தட்டிக் காட்டினால் பலாவா தேக்கா என்று சொல்வேன், அவ்வளவுதான் என் காது. "அப்போ ஒண்ணு செய்யலாம். எங்கயாவது அவம் பெட்டி ஒண்ணப் பிடிச்சு, திறந்து பாத்துருவோம்" என்றேன்.

அவருக்கு ஆங்காரம் வந்துவிட்டது. "எம் பிள்ளையத் தூக்கிட்டுப் போனவன் வீட்டுல போயி, பிள்ளை சட்டையக் கழட்டி மச்சம் இருக்கான்னு பாக்கச் சொல்லுதீரா? அந்தப் பயலுக்க சாதனத்த நான் கையால தொடமாட்டேன்."

தொடவில்லை. அதற்குப் பதிலாக ரெசின் வாங்கினார்.

விழிஞ்ஞம் கடற்கரையில் ஃபைபர் படகுக்கு ஓட்டை அடைக்க ஊற்றுவார்களே, அந்த ரெசின். தண்ணீர்போல ஊற்றலாம், காய்ந்தால் கல். உறுப்புகளில் அச்சிட்டிருந்த எண்களை உப்புத்தாளால் சுரண்டிவிட்டு, சர்க்யூட் முழுவதும் அமுங்கிப்போகிற மாதிரி அதை ஊற்றினார். ஆனால் காய்ந்த ரெசின் தேன் நிறத்தில் பளபளவென்று உள்ளே இருப்பதையெல்லாம் காட்டியது. அதைக் கருப்பாக்கியாக வேண்டும்.

அந்த யோசனையைச் சொன்னது அவர் மனைவி பொன்செல்வி. அந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் மாடு வாங்கினாலும் முதலில் மை வைப்பாள். ஆமணக்கெண்ணெய் விளக்கேற்றி, மேலே மண்சட்டி கவிழ்த்து, படிகிற கரியைச் சுரண்டி எடுப்பாள். "இதக் கலந்து விடுங்க. உள்ள இருக்கதும் தெரியாது, கண்ணேறும் படாது" என்றாள். கண்ணுக்கும் கண்ணேறுக்கும் ஒரே மருந்து என்று வீரபாண்டி மகிழ்ந்துபோனார். அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் அவள் மை எடுத்துக் கொடுப்பாள், இவர் ஷட்டரை இறக்கிவிட்டு ஊற்றுவார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, குளித்த எருமை முதுகுபோல.

அந்த வருஷம் ஊரில் அம்மன் கொடைத் திருவிழா. குடும்பத்தோடு போய்த் தங்கியாக வேண்டும். பட்டறையில் தாய்ப்பெட்டி தனியாக இருக்கும். பஸ் ஏறுகிற அன்று காலையில், பயம் தாங்காமல், வீரபாண்டி தாய்ப்பெட்டியின் உள்ளேயும் மை கலந்த ரெசினை ஊற்றிவிட்டார். வந்து என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் பெரிய நிம்மதி. "இனி எவன் வந்தாலும் ஒண்ணும் புடுங்க முடியாது வே" என்றார். அவர் சொன்னது அப்படியே பலித்தது.

மழைக்காலம் பிறந்ததும் ஆர்ஷா வந்தாள். டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறுகளில் கிதார். தமிழ் வீட்டுப் பெண்தான், படித்ததெல்லாம் மலையாளம். தான் வாங்கியிருந்த இசக்கியை இரண்டு கையாலும் குழந்தைபோல அணைத்துத் தூக்கி வந்தாள்.

"அண்ணாச்சி, இதுல ஒரு ஒச்சை வருது. ஓட்டு மேல மழ பெய்யுற மாதிரி. ஒண்ணு நோக்கித் தரணும் கேட்டோ."

வீரபாண்டி வால்வை மாற்றினார். மழை நிற்கவில்லை. ஸ்பீக்கரை மாற்றினார். நிற்கவில்லை. மிச்சம் இருந்ததெல்லாம் ரெசினுக்குள். பிறகு கொச்சியிலிருந்து ஒன்று வந்தது, பெங்களூரிலிருந்து கூரியரில் ஒன்று வந்தது. எல்லாவற்றிலும் அதே மழை. பிறகு இடி மாதிரி ஒரு வெடிப்பு. பிறகு மௌனம். வருகிறவர்கள் எல்லாரும் என் பெட்டியைத் தடவிப் பார்த்து, வேலைப்பாடு நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்தப் பாராட்டைக் கேட்கும்போது எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

என்னிடம் உளி கேட்டார். கொடுத்தேன். ரெசினைக் கொத்தினால் ரெசினோடு உறுப்பும் சேர்ந்து பெயர்ந்தது. சூடு காட்டினால் உறுப்பு முதலில் வெந்தது, ரெசின் பிறகுதான் இளகியது. தப்பிப் பிழைத்து வந்த ஒன்றிரண்டிலும் எண் இல்லை. அவரேதான் சுரண்டியிருந்தாரே.

உடைந்த கட்டி ஒன்றைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மெகரை எடுத்தார். வயரிங் வேலைக்காரர்கள் மின்சாரம் எங்காவது கசிகிறதா என்று பார்க்கிற கருவி அது. அதன் இரண்டு முனைகளையும் கட்டியில் வைத்தார். சுத்தமான ரெசினில் மின்சாரம் ஓடாது, முள் செத்த மாதிரிக் கிடக்க வேண்டும். முள் எழுந்தது.

"கரி வே," என்றார். "கரியில கரண்ட் ஓடும்லா. ரேடியோக் கடையில மொதநா படிச்ச பாடம். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மறந்துட்டேன்."

நான் சிதறிக் கிடந்த ரெசின் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"அவகிட்ட சொல்லிராதீரும். மை எடுத்துக் குடுத்தது அவ. அவளுக்கு வேற ஒண்ணும் தெரியாது."

அன்றைக்குத் தாய்ப்பெட்டியை இயக்கினார். நான் பக்கத்தில் இருந்தேன். கிதாரைச் சொருகவில்லை. சும்மா வைத்துக் கேட்டார். எனக்கே கேட்டது, தூரத்தில் பெய்கிற மாதிரி மெல்லிய மழை. அவர் அதை அணைத்துவிட்டு, ஒரு துணியால் மூடினார். மறுபடி இயக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து இயக்கியபோது அதில் மழையும் இல்லை.

அவர் சும்மா இருந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சத்தம் காதில் இருக்கிறது என்று சொல்லி, ரெசின் ஊற்றாமல் புதிதாக ஒன்றைச் செய்தார். சினிமாக் கொட்டகைச் சாமான் தீர்ந்துபோயிருந்தது, கடையில் கிடைத்ததைப் போட்டார். ஒத்துப் பார்க்கத் தாயும் இல்லை. அந்த ஒரு தடவை ஷட்டர் திறந்தே இருந்தது. உள்ளே இருப்பதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். எத்தனையோ வருஷம் ஏங்கியது, பார்த்தபோது ஒரு சந்தோஷமும் இல்லை. ஆர்ஷாவை வரவழைத்து வாசிக்கச் சொன்னார். நல்ல பெண். நெடுநேரம் வாசித்தாள்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி," என்றாள். பிறகு தயங்கினாள். "பக்‌ஷே, அது இல்ல."

"தெரியும் மக்கா," என்றார் வீரபாண்டி. அதற்குப் பிறகு அவர் மிக்ஸியும் இண்டக்‌ஷன் அடுப்பும் ரிப்பேர் பார்க்கத் தொடங்கினார்.

போன மாதம் ஆர்ஷா மறுபடியும் வந்தாள். கையில் வேறொரு ஆம்ப்ளிஃபயர். யாரோ விற்றதை வாங்கினாளாம். கிதார் வயரைச் சொருகுகிற இடம் ஆடுகிறது, சரியாக்கித் தர வேண்டும் என்றாள். முகப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜெயந்தின் பெட்டி. முதல் வருஷம் செய்தது, கல்லூரி விழாவில் கேட்ட அதே ரகம். அந்தப் பழைய கதை அவளுக்குத் தெரியாது. வீரபாண்டி அதை வாங்கி மேசையில் வைத்தார். அவளை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்.

"தொடமாட்டேன்னு சொன்னீரு," என்றேன் நான்.

"உம்ம வாய மூடும்."

திருப்புளியை எடுத்துப் பின்பலகையின் முதல் திருகில் வைத்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஜெயந்த் ரெசின் ஊற்றுகிறவன் இல்லை. திருடினவன் திருடினதைத் திறந்தே வைத்திருப்பான். அப்படியானால் இசக்கி உள்ளே முழுசாக இருக்கிறாள். எண்களோடு, ஒரு கீறல் இல்லாமல். பார்த்து எழுதிக்கொண்டால் போதும், தாய் திரும்பி வந்துவிடுவாள். இத்தனை வருஷம் நாங்கள் வாய் வலிக்க வைத பயல் அவளைக் காப்பாற்றி வைத்திருக்கிறான் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இசக்கியம்மைக்கு மனசுக்குள்ளேயே ஒரு பொங்கல் நேர்ந்துகொண்டேன்.

பின்பலகை கழன்றது. வீரபாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஓர் ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு கம்பியாக விரல் வைத்துத் தொடர்ந்து போனார். நடுவில் நின்றார். மறுபடியும் முதலிலிருந்து போனார். என்ன என்று நான் கேட்டேன். மூன்றாவது தடவை போகவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மச்சம் இல்ல வே."

"என்னது?"

"வேற சர்க்யூட். மொதல்ல இருந்து கடைசி வர வேற. எங்கிட்ட இருந்து ஒரு கம்பி அவம் எடுக்கல. சொந்தமா யோசிச்சுச் செஞ்சிருக்கான்." கொஞ்சம் நிறுத்தி, "நல்லாவும் செஞ்சிருக்கான்," என்றார்.

ஆடிக்கொண்டிருந்த இடத்தைப் பற்றவைத்தார். பலகையைப் பூட்டினார். ஆர்ஷா வந்து வாசித்துப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனாள். காசு வேண்டாம் என்றுவிட்டார். பொன்செல்வி மதியச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் ஒரு மண்மூடி, அதில் புதிதாக எடுத்த மை. அடுத்த பெட்டிக்கு ஆகும் என்று எப்போதும்போல அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். அவர் தடுக்கவில்லை.

அவள் சந்து திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"அந்தப் பய களவாண்டிருக்கலாம் வே. களவாண்டிருந்தாம்னா, எங்கயாவது ஒண்ணு உசுரோட இருந்திருக்கும்."