இர்விங்ல அரைச்ச மிளகாய்

சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க, நடுவுல சிரிச்சா எனக்குக் கோபம் வரும். நான் இன்ஜினியரிங் படிச்சவ. செய்வினை, சாபம்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போய் காபி போடற ஆளு நான், ஆனா அன்னிக்கு நடந்ததை என் கண்ணால பார்த்தேன்.

டெக்சாஸ்ல இந்த இர்விங் ஊருக்கு வந்து ஆறு வருஷம். வீட்டுக்காரர் விசால வந்ததால எனக்கு வேலை பார்க்க பர்மிட் கிடையாது, க்ரீன் கார்டு வர்ற வரைக்கும் பகல் பூரா ஜன்னல்ல நின்னு பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கணும், பைத்தியம் பிடிக்காதா? அதனால எங்க அபார்ட்மென்ட்லயே வேலைக்குப் போற மூணு தமிழ் வீட்டுக் குழந்தைங்களை நான் பார்த்துக்கிட்டேன், சத்தமில்லாம. கையில குடுத்ததை வாங்கிக்குவேன். தப்புதான், தெரியும். ஆனா அதுங்க "சுமதி ஆன்ட்டி"ன்னு கதவைத் தட்டறப்பதான் இந்த நாட்டுல நானும் ஒரு ஆளுன்னு தோணும்.

ஒரு நாள் அபார்ட்மென்டை வாடகைக்கு விடற லீசிங் ஆபீஸ்ல கூப்பிட்டு விட்டாங்க. பேர் போடாம யாரோ மெயில் அனுப்பியிருக்காங்க, இந்த வீட்டுல லைசென்ஸ் இல்லாம டேகேர் நடக்குதுன்னு. எந்தக் குழந்தை எத்தனை மணிக்கு வருது, எத்தனை மணிக்குப் போகுதுன்னு கூட அதுல இருந்துச்சு. உடனே நிறுத்து, இல்ல வீட்டைக் காலி பண்ணுன்னுட்டாங்க. மறுநாள்ல இருந்து கதவு தட்டற சத்தமே இல்ல.

எனக்கு எதிர் வீட்டு ரேவதி மேலதான் சந்தேகம். அவ பையனைச் சேர்த்துக்க மாட்டேன்னு சொல்லியிருந்தேன். அன்னியோட அவகூடப் பேச்சை நிறுத்திட்டேன். செந்தில், அதான் என் வீட்டுக்காரர், "விடு சுமதி, யாரோ என்னமோ, உடம்பைக் கெடுத்துக்காத"ன்னு தலையைத் தடவிக் குடுத்தார்.

என்னால விட முடியல. நான் பொள்ளாச்சிப் பக்கம். எங்க பக்கத்துல ஒரு அம்மன் கோயில் இருக்கு, அநியாயம் நடந்தா அங்க போய் வரமிளகாய் அரைச்சுக் கல்லுல பூசிட்டு வருவாங்க, நியாயம் கிடைச்சதும் எண்ணெய் ஊத்தி அம்மனைக் குளிர வைக்கணும். சின்ன வயசுல அதைப் பார்த்துச் சிரிச்சவதான் நான். அந்தச் சனிக்கிழமை செந்தில் எங்க பொண்ணு நிலாவைக் கூட்டிக்கிட்டு நீச்சல் க்ளாஸுக்குப் போயிட்டார். நான் பின்பக்கத் திண்ணை மாதிரி இருக்கற பேட்டியோக்கு வெளிய செடிக்கு அண்டக் குடுத்திருந்த கல்லுல ஒண்ணை எடுத்துட்டு வந்து கழுவினேன், ஒரு பாக்கெட் மிளகாயை மிக்சில போட்டு அரைச்சேன், இருமி இருமி கண்ணுல தண்ணி. ரேவதி பேரைச் சொல்லல, அம்மனுக்குத் தெரியாதா? "எவ எழுதினாளோ, எவன் எழுதினானோ, அந்தக் கை எரியட்டும்"னு சொல்லிக் கல்லு பூரா பூசினேன். மணி பதினொண்ணு பத்து. எனக்கு அவ்வளவு திருப்தியா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

பன்னெண்டரைக்குக் கதவு திறந்துச்சு. நிலா முன்னாடி ஓடி வந்து, "அம்மா, அப்பாஸ் ஹேண்ட்ஸ் ஆர் பர்னிங்!"ங்கறா. பின்னாடி செந்தில், எப்படித்தான் கார் ஓட்டிட்டு வந்தாரோ, ரெண்டு கையிலயும் ஐஸ் கப்பை அழுத்திக்கிட்டு, முகமெல்லாம் வேர்த்து. அவர் கிளம்பிப் போனப்புறம்தான் நான் மிளகாய் பாக்கெட்டையே பிரிச்சேன், அதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. எப்ப ஆரம்பிச்சுதுங்கன்னு கேட்டேன். "நிலா தண்ணில இறங்கினப்ப, பதினொண்ணே காலுக்கு முன்னாடி"ன்னார்.

அர்ஜென்ட் கேர் க்ளினிக்ல ஏதோ அலர்ஜின்னு க்ரீம் குடுத்தாங்க. தோல்ல ஒரு சிவப்பு கூட இல்ல, ஆனா மனுஷனால ஸ்பூன் பிடிக்க முடியல, கீபோர்டுல விரல் வைக்க முடியல. மூணாம் நாள் சோபால உட்கார்ந்து அழுதுட்டார்.

"அந்த மெயிலை எழுதினது நான்தான் சுமதி. வெளியாள் யாராவது சொல்லி, அது க்ரீன் கார்டு வரைக்கும் போயிட்டா நாம மூட்டை கட்டணும். நானே விஷயத்தை லீசிங் ஆபீஸோட நிறுத்திடலாம்னு பண்ணிட்டேன். சொல்லியிருந்தா நீ கேட்டிருக்க மாட்ட."

தலையைத் தடவின கை ஞாபகம் வந்துச்சு. பரிதாபம் வரலைங்க. நல்லா எரியட்டும்னுதான் வந்துச்சு. நான் பண்ணினதைப் பத்தி அவர்கிட்ட மூச்சு விடல. இன்னும் ரெண்டு நாள் அப்படியே விட்டேன், ஐஸ் கூட அவரே எடுத்துக்கட்டும்னு. அப்புறம் ஒரு காலைல நிலா அவருக்கு சீரியல் ஊட்டி விட்டுக்கிட்டிருந்தா, அதைத்தான் தாங்க முடியல. நிலாவை ஸ்கூல் பஸ்ல ஏத்த அவர் கீழ போனதும் கல்லைக் கழுவி நல்லெண்ணெய் ஊத்தினேன், போதும் தாயேன்னு சொன்னேன். சாயந்தரம் அவர் லேப்டாப்பைத் திறந்து டைப் பண்ணினார். எரியவே இல்லைன்னார்.

நம்பினா நம்புங்க, அதோட முடிஞ்சுதுன்னுதான் நானும் நினைச்சேன். ரேவதிகிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன், அவ அரைக் கதவைத் திறந்து சரிங்கன்னா, அவ்வளவுதான். வீட்டுல பழையபடி சமைக்கிறேன், பேசறேன். செந்தில் கார் ஓட்டறார், நிலாவைத் தூக்கறார், மிளகாய் கூட நறுக்கறார், ஒண்ணும் இல்ல. நான் அவர் கையைப் பிடிச்சா மட்டும் அவருக்கு எரியுது. நான் தொட்டா மட்டும். எனக்குக் கோபம் போயிடுச்சுன்னுதான் சொல்லிக்கிறேன்.

ஆனா சில நாள், கடைல, பார்க்கிங் லாட்ல, வேணும்னேதான் பிடிப்பேன். அவர் பல்லைக் கடிச்சுக்கிட்டு நடப்பார், கையை இழுக்க மாட்டார். ஏன்னு ஒரு தடவை கூட கேட்டதில்ல.