சிதம்பரதாணு சார் முடித்துக் கொடுத்த பாட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது மேடையேற்றத்துக்கான ஒத்திகையில் இருந்தபோது சாரின் மனைவி பகவதி அக்கா கைபேசியில் கூப்பிட்டார்.

"டீச்சரே, அவிய போயிட்டாவ. ஒறக்கத்திலயே. நீங்க ரிகர்சல முடிச்சிட்டு வந்தா போதும், கேட்டேளா?"

எங்களால் முடிக்க முடியவில்லை. நாற்காலிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினோம்.

சிதம்பரதாணு சாரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாஞ்சில் நாட்டுக்காரர். திருவனந்தபுரத்தில் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் தமிழ் நாடகக் குழுவின் இசையமைப்பாளர். நான் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். அவர் மெட்டுகளுக்குப் பாட்டு எழுதியவள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாடகம் எழுதி அவரிடம் கொடுத்தேன். மண்சரிவில் பாதை அடைபட்டு, பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் சிக்கிக்கொண்ட ஆறு பெண்களின் கதை. படித்துவிட்டு, "இவ்வளவு வசனம் எதுக்கு டீச்சரே? பாதியப் பாட்டாக்குவோம்" என்றார். அப்படித்தான் அது இசைநாடகமாயிற்று.

அதற்காகப் பொன்முடிக்குப் போனோம். தோட்டத்துப் பெண்களைப் பாடச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்யப் பார்த்தேன். தடுத்துவிட்டார். "டூரிஸ்ட் மாதிரி கேட்டுட்டுப் போயி மெட்டுப் போட்டா நாணக்கேடு. இரிங்க, அவங்க பேசுறதக் கேப்போம்." கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, ஒரு ஜீப்பில் இடம் கிடைக்கும்வரை லயத்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம்.

கடைசிப் பாட்டு மட்டும் மிச்சமிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் பேச்சும் போயின. வாயில் தங்கியது ஒரே சொல்: "வேண்டா." லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீடு. அதன் பிறகு அவர் கீழே இறங்கவேயில்லை. பகவதி அக்கா ஆர்மோனியத்துக்குக் காற்றடிப்பார். இவர் இடக்கையால் வாசிப்பார்.

சனிக்கிழமைதோறும் புதிய வரிகளோடு போவேன். படித்துக் காட்டுவேன். "வேண்டா." மாற்றி எழுதிக்கொண்டு போவேன். "வேண்டா." எட்டு மாதம் இப்படி. அவருக்கு அந்த அறையை விட்டுப் போக வழியில்லை. எனக்கு அவரை விட்டுப் போக வழியில்லை. படியேறும்போதே எனக்கு மூச்சு முட்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது: ஒரு கட்டத்தில் போவதையே நிறுத்தினேன். பரீட்சைத் தாள் திருத்துவதாகப் பொய் சொன்னேன். மேடையேற்ற நாள் நெருங்க, இயக்குநர் அவசரப்படுத்தினார். தம்பானூரில் இருந்த வேறோர் இசையமைப்பாளரிடம் கடைசிப் பாட்டைக் கொடுக்கச் சம்மதித்தேன்.

போகாமல் மூன்று வாரம் கழிந்து, நாலாவது சனிக்கிழமை அதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். புதிய மெட்டைக் கைபேசியில் போட்டேன். முழுக்கக் கேட்டார். கோபப்படவில்லை. என் கையிலிருந்த பாட்டுத் தாளை வாங்கி, இடக்கையில் பென்சிலைப் பிடித்து, என் வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார். ஆறு பெண்களின் பெயர்கள் மட்டுமே மிஞ்சின. பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா காற்றடித்தார். லயத்தின் ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒருத்தி இன்னொருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல அந்த மெட்டு எழுந்தது.

"வார்த்தையே வேண்டாம்னா சார் சொன்னேள்?" என்றேன்.

கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அட பாவமே! இத்தன மாசமா அதத்தானா சொல்லிட்டிருந்தாவ!" என்றார் அக்கா.

தம்பானூர்க்காரர் அதைக் கேட்டுவிட்டுத் தம் மெட்டைத் தாமே விலக்கிக்கொண்டார்.

முதல் மேடையேற்றத்துக்கு, நாற்காலியோடு தூக்கிப்போகிறோம் என்று நடிகர்கள் சொன்னார்கள். சார் மறுத்துவிட்டார். காணொளி அழைப்பில் பார்த்தார். கடைசிப் பாட்டுக்கு முன்னால் இணைப்பு அறுந்துவிட்டது. மறுநாள் காலை நடித்த ஆறு பெண்களும் அவர் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினார். நாலாவது பெண்ணைச் சுட்டிக்காட்டி மறுபடி பாடவைத்தார். மூன்று முறை. சுருதி சேர்ந்த பிறகுதான் கையை இறக்கினார்.

ஞாயிறு பிற்பகல், அவர் உடலருகே உட்கார்ந்து, அக்காவிடம் என் பொய்யைச் சொன்னேன்.

"எங்களுக்குத் தெரியும் டீச்சரே. முதல் வாரம் கதவையே பாத்துட்டுக் கெடந்தாவ. பெறகு ஆர்மோனியப் பெட்டியக் காட்டி என்னக் காத்தடிக்கச் சொன்னாவ. நீங்க வராத நாள்லதான் அந்தப் பாட்டு முழுசா வந்துது."

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவரைக் கீழே தெருவுக்குக் கொண்டுவந்தபோது அவர் முகத்தில் வெயில் விழுந்தது. வண்டி வரும்வரை அக்கா தன் முந்தானையை விரித்து வெயிலை மறைத்து நின்றார்.

போய் வாருங்கள், தாணு சார்.