செலவெல்லாம் என்னுடையது

பாங்கு குமாஸ்தா வேலைக்கு இண்டர்வியூ வந்திருந்தது. திருநெல்வேலியில், மறுநாள் காலை பத்து மணிக்கு. பாங்குக்காரன் பணத்தைப் பற்றித்தானே கேட்பான் என்று, பணம் கொடுப்பதைக் குறிக்கிற இங்கிலீஷ் வினைச்சொல்லாக அகராதியில் தேடித் தேடி உருப்போட்டிருந்தேன். பே, ஸ்பெண்ட், ஃபண்ட், ஃபைனான்ஸ். எல்லாவற்றுக்கும் மேலே ‘டிஃப்ரே’. செலவை ஏற்றுக்கொள்வது என்று அர்த்தம். அதை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு நாக்கு அரித்தது.

அன்று தென்காசி டைப்ரைட்டிங் கூட்டாளிகள் நாலு பேரோடு குற்றாலம் போனேன். நல்ல சாரல். ஐந்தருவியில் குளித்தால் பசி சும்மா விடுமா? காப்பிக் கிளப்பில் ஆளுக்கு ரெண்டு இட்லி, ரசவடை, காப்பி. எனக்குப் பழக்கம் வரட்டும், இங்கிலீஷில் மட்டும்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டதும் அவர்கள்தான்.

பில் ஒரு ரூபாய் எழுபது பைசா. எங்கள் பக்கத்தில் பில்லைக் கண்டால், “நான் குடுக்கேன்”, “சும்மா இருலே, நான் குடுக்கேன்” என்று கல்லாப்பெட்டி முன்னால் கைகலப்பே நடக்கும். முடிவில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்துவிட்டு வருவோம். அன்றும் ஒருவன் “ஐ பே” என்றான். இன்னொருவன் “நோ, ஐ ஸ்பெண்ட்” என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, “ஜென்டில்மென், ஐ ஷல் டிஃப்ரே த எக்ஸ்பென்சஸ்” என்றேன்.

நான்தான் கொடுக்கிறேன் என்ற மட்டில் அவர்களுக்குப் புரிந்தது. மறுத்துப் பேச ஒருத்தனிடமும் இங்கிலீஷ் இல்லை. சட்டைப்பைக்குள் போன கைகளை வெளியே எடுத்துத் தட்டினார்கள். திருநெல்வேலி பஸ்ஸுக்கென்று அம்மா கொடுத்திருந்த இரண்டு ரூபாயைக் கல்லாவில் நீட்டினேன். அது பஸ் காசு என்று அவர்களுக்குத் தெரியாது.

அம்மாவிடம் மறுபடி கேட்க வாய் வரவில்லை. மறுநாள் விடிந்ததும், மிச்சமிருந்த முப்பது பைசாவுக்கு, வழியில் இருக்கிற பாவூர்சத்திரம் வரைதான் டிக்கெட் கிடைத்தது. அங்கே திருநெல்வேலிக்கு வெங்காயம் ஏற்றிய லாரி ஒன்று புறப்பட நின்றது. இஸ்திரி போட்ட சட்டையோடு அதை மூன்று தடவை சுற்றி வந்தேன். இதையும் விட்டால் வேலை கைவிட்டுப் போய்விடும். கடைசியில் டிரைவரிடம், “கையில காசு இல்ல அண்ணாச்சி. இண்டர்வியூவுக்குப் போணும்” என்றேன்.

“இதச் சொல்லுததுக்கா இம்புட்டு நேரம் சுத்துனீரு? ஏறும்வே.”

பத்து மணிக்குள் இறக்கிவிட்டார். வேலையும் கிடைத்தது. ஆனால் மூட்டைமேல் உட்கார்ந்து போகும்போது என்மேல் எனக்கே எரிச்சலாக வந்தது. கையில் காசு இல்லை என்று முந்தின நாளே வாய்விட்டுச் சொல்லியிருந்தால், என் டிக்கெட்டை யார் எடுப்பது என்று அந்த நாலு பேரும் அடித்துக்கொண்டிருப்பார்கள்.