பேருந்தில் குளிர்காய்ந்த ஐரிஸ்

வசதியுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் அரசு ஒரே உதவியைத் தருவது நியாயமா? இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில் முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற வில்ஃபிடம் பதில் தயாராக இருந்தது.

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க முதியவர்கள் எல்லாருக்கும் அரசு பணம் தந்துகொண்டிருந்த காலம். கார் வியாபாரத்தில் பணக்காரரான முதியவர் டெரிக், ஒருநாள் கிளப்பில் கோப்பையைத் தூக்கிக் காட்டினார்.

"அரசாங்கம் குடுத்த காசுப்பா! வீட்ல குளிரே இல்ல, ஒயின் வாங்கிட்டேன்."

"வெக்கமா இல்லையாய்யா உனக்கு?" என்றார் வில்ஃப்.

மறுநாளே, மனுப் போடுகிற ஏழைகளுக்கு மட்டும் பணம் கொடுங்கள் என்று தெருவெங்கும் கையெழுத்து வாங்கினார். பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு ஐரிஸும் கையெழுத்துப் போட்டார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், வில்ஃப்."

அடுத்த வருடம் சட்டம் அப்படியே மாறியது. ஜனவரியில் சந்தைக்குப் போன வில்ஃப், பேருந்தில் சூடு வரும் இருக்கையில் ஐரிஸைப் பார்த்தார். மாலையில் திரும்பும்போதும் அதே இருக்கையில் ஐரிஸ்.

"என்னங்க, இன்னும் இறங்கலையா?"

"இது நாலாவது சுத்து. வீட்டவிட இங்க கதகதப்பா இருக்கு."

"மனுப் போடலையா? உங்களுக்குக் கண்டிப்பா கிடைக்குமே!"

"எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு நானே எழுதிக் குடுக்கணுமாக்கும்? முன்னாடி டெரிக்குக்கும் வந்துச்சு, எனக்கும் வந்துச்சு. வாங்கிக்கக் கூசல." கையிலிருந்த இலவசப் பயண அட்டையை ஆட்டினார். "இதுவும் எல்லா முதியவங்களுக்கும் உண்டு. அதான் தலை நிமிர்ந்து ஏறுறேன்."

ஞாயிறன்று வில்ஃப் மனுப் படிவத்தோடு ஐரிஸ் வீட்டுக்குப் போனார். ஐரிஸ் மேல்கோட்டைக் கழற்றாமலே தேநீர் ஊற்றினார், மழையைப் பற்றிப் பேசினார், படிவத்தைத் தொடவில்லை. வில்ஃப் வற்புறுத்தாமல் படிவத்தை மேசையில் விட்டுவிட்டுக் கிளம்பினார். எல்லாருக்கும் தருவதை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்து வாங்கியவர் அவர்தானே.

பிப்ரவரியில் நெஞ்சுச் சளி முற்றி மருத்துவமனைக்குப் போன ஐரிஸ், வீடு திரும்பவில்லை.

"குளிராலதான்னு யாரு சொல்ல முடியும்? விடுப்பா," என்று டெரிக் பீர் வாங்கி வைத்தார். வில்ஃப் அதைத் தொடாமல் எழுந்துவிட்டார். டெரிக்குக்கு அந்தப் பணம் தேவையில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பேனாவை எடுத்துத் தானே எழுத ஆரம்பித்திருக்கலாம் என்று நினைக்காத நாளில்லை.

உங்கள் தெருவிலும் உதவி கேட்கக் கூசுகிற ஒருவர் இருப்பார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரரிடம் இந்தக் கதையைத் தயவுசெய்து சொல்லுங்கள்.