தண்ணி காட்டாத ரோகிணி

என் மனைவி ரோகிணிக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது 'வாட்டர் சர்வீஸ்'. வண்டியை வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் கழுவிக்கொள், பானட்டுக்குள் மட்டும் பைப்பைக் கொண்டுவராதே என்பது அவள் கட்சி. என் கட்சி வேறு. போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வரைக்கும் நான் அதை விட்டுக்கொடுக்கவே இல்லை.

நாங்கள் இருப்பது செய்யூருக்குப் பக்கத்தில். எனக்கு உரக்கடையில் வேலை. கூடவே கொஞ்சம் நெல், கொஞ்சம் வேர்க்கடலை என்று சாகுபடியும் உண்டு. ரோகிணி சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறாள். மாமல்லபுரத்துக்கு வருகிறவர்கள், குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள், திருப்போரூரில் மொட்டை போடப் போகும் குடும்பங்கள் என்று சவாரிக்குக் குறைவில்லை. ஆனால் திங்களும் வியாழனும் காலையில் எவ்வளவு பெரிய சவாரி வந்தாலும் வண்டி கிடைக்காது. அது தெற்குத்தெரு ஞானம்பாளுக்கு. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்ட அந்தம்மாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், நாலு மணி நேரம் காத்திருந்து, திரும்ப வீட்டில் விட வேண்டும். மூன்று வருடமாக இது நடக்கிறது.

டாக்ஸிக்கு முன்னால் ரோகிணி ஒரு செல்போன் கம்பெனியில் எட்டு வருடம் வேலை பார்த்தவள். கையில் பட்டை கட்டிக்கொண்டு, தலையில் தொப்பி போட்டுக்கொண்டு, விரல் நகம் அளவுள்ள சாமான்களைத் தகட்டில் பொருத்துகிற வேலை. கம்பெனியை மூடியதும் வீட்டுக்கு வந்தாள், ஒரு வாரம் தூங்கினாள், எட்டாம் நாள் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள். எதையும் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிற ஆள் இல்லை அவள்.

அந்தக் கம்பெனிப் பழக்கம் இன்னும் போகவில்லை. காரின் எஞ்சினையும் அவள் பெரிய செல்போன் என்றே நினைக்கிறாள். மாதம் ஒரு முறை பானட்டைத் திறப்பாள். தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முதலில் பேட்டரியின் கறுப்பு ஒயரைக் கழற்றுவாள். வேலை முடிந்ததும் அதைத்தான் கடைசியாக மாட்டுவாள். பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுவாள். எங்கள் வீட்டோரச் சவுக்குத் தோப்பு உதிர்க்கிற ஊசி இலைகளைக் கண்ணாடிக்குக் கீழிருந்து ஒவ்வொன்றாக எடுப்பாள். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காற்றுப் போகும் வாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மற்ற இடங்களைத் துடைப்பாள். கடல் காற்றில் பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூக்கும். அதற்கு ஆப்ப சோடாக் கரைசலும் பழைய டூத் பிரஷ்ஷும். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தால் பளபளக்கும் என்று ஒரு தடவை சொன்னேன். "வண்டியோட சேத்து வூட்டையும் கொளுத்திடலாம்" என்றாள்.

பார்க்கிற எனக்குப் பொறுமை போய்விடும். குழந்தைக்குக் காது குடைகிற மாதிரி இரண்டு மணி நேரம்! எங்கள் வீட்டில் மாட்டுப் பொங்கலன்று மாட்டோடு டிராக்டரையும் நிறுத்தி, போர் மோட்டாரைப் போட்டு ஒரே அடியாக அடிப்போம். தண்ணீர் படாதது எப்படிச் சுத்தமாகும்?

வண்டி ஓடத் தகுதியானது என்று தருகிற எஃப்.சி. சான்றிதழ் அந்தப் புதன்கிழமையோடு முடிகிறது. புதன் காலை பத்து மணிக்குச் செங்கல்பட்டில் வண்டியைக் காட்டியாக வேண்டும். அது தேறவில்லை என்றால் வியாழக்கிழமை வண்டி ரோட்டில் ஏற முடியாது. ஞானம்பாளுக்கு அன்றைய டயாலிசிஸ் கிடையாது. இது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

செவ்வாய் மதியம் சவாரி முடிந்து வந்தவள் பானட்டைத் திறந்து வைத்தாள். "எஞ்சின் ஆறட்டும். நான் போய் பேப்பரெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துகினு வந்துடறேன். அதுவரைக்கும் வண்டிகிட்ட போவாதீங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் போனாள்.

போகாதே என்று சொன்னால் எனக்குக் கால் அங்கேதான் போகும். பாவம், காலையிலிருந்து அலைகிறாள், நாம் ஒரு கை கொடுப்போமே என்று நல்ல மனதோடுதான் போர் மோட்டாரைப் போட்டேன். ஏரில் பூட்டுகிற மாட்டுக்கே தண்ணி காட்டிவிட்டுத்தான் பூட்டுவோம், எஃப்.சி. காட்டப் போகிற வண்டிக்குத் தண்ணி காட்டாமல் அனுப்புவதா? பைப்பின் வாயில் விரல் வைத்து அழுத்தி, எஞ்சின் மேல் அடித்தேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. சளைக்காமல் அடித்தேன். பத்து நிமிடத்தில் பானட்டுக்குள் கல்யாண மண்டபம் மாதிரி மின்னியது. அந்தப் பெருமையில் சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்தேன்.

வண்டி தடதடவென்று உதறியது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஞானம்பாளின் வீங்கின கால்கள்தான் கண்முன் வந்தன.

ரோகிணி வந்து இறங்கினாள். தரையில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னா பண்ணி வச்சிகீறீங்க?"

"சும்மா... கொஞ்சம் தண்ணி காட்டுனேன்."

"நீங்க அதுக்குத் தண்ணி காட்டுனா, அது நமக்குத் தண்ணி காட்டாதா?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

"மதுராந்தகத்துல இருந்து மெக்கானிக்க வரச் சொல்லட்டுமா?"

"மெக்கானிக்கு எதுக்கு? நான் கீறேன். உங்க பழைய வேட்டி ஒண்ணு எடுத்துகினு வாங்க. அப்படியே சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்பும்."

கறுப்பு ஒயரைக் கழற்றினாள். எஞ்சின் தலைமேல் வரிசையாக இருந்து பிளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கிற மூன்று காயில்களை ஒவ்வொன்றாக உருவினாள். பிளக் உட்கார்ந்திருக்கிற குழிகளில் இரண்டு காய்ந்திருந்தன. நடுக் குழியில் தண்ணீர் நின்றது. "இதான் மிஸ்ஸிங் அடிக்குது" என்றாள். காயில்களைத் துடைத்து வெயிலில் வைத்தாள். என் வேட்டியைக் கிழித்துத் திரியாக முறுக்கிக் குழிக்குள் விட்டு ஒற்றி எடுத்தாள். பிறகு நான் காற்றடிக்க, அவள் டியூப் முனையைப் பிடித்துக்கொண்டாள். கை விட்டுப்போகும் வரை அடித்தேன். நிறுத்தினால் நிமிர்ந்து பார்ப்பாள், மறுபடி அடிப்பேன். நடுவில், தண்ணீர் அடித்த வேகத்தில் ஒரு மூலையில் போய் அடைந்திருந்த வேர்க்கடலைத் தோல்களை அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினாள். எங்கள் வீட்டு எலி அங்கே குடித்தனம் நடத்தியிருக்கிறது. ஒயர் எதையும் கடித்திருக்கவில்லை என்று ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

எல்லாம் உலர்ந்ததும் காயில்களை மாட்டி, கடைசியில் கறுப்பு ஒயரை முறுக்கியபோது மணி ஐந்தரை. அவளே சாவியைத் திருப்பினாள். ஒரு உதறல். அடுத்த நொடி சீராக ஓடத் தொடங்கியது. மஞ்சள் விளக்கு எரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன், அவள் நம்பவில்லை.

மறுநாள் எஃப்.சி.யில் பானட்டைத் திறந்து பார்த்த அதிகாரி, பக்கத்தில் நின்ற என்னிடம், "நல்லா வச்சிருக்கீங்க. எந்த ஷெட்டுல விடறீங்க?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. "வண்டி அவங்களது சார்" என்று ரோகிணியைக் காட்டினேன். வண்டி தேறிவிட்டது.

வியாழக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். மனசு கேட்கவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்த ஞானம்பாளிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைய டயாலிசிஸ் நின்றுபோயிருக்கும், என் புத்தியால் நின்றுபோயிருக்கும் என்றேன். அந்தம்மா திட்டவில்லை, சிரித்தாள்.

"வண்டிக்கும் தண்ணி ஆவாதா? எனக்கும் டாக்டரு ஒரு நாளைக்கு ரெண்டே டம்ளருன்னு அளந்து வுட்டுகீறாரு. நானும் வண்டியும் ஒரே பத்தியம், போ."

வண்டி படாளம் தாண்டியது. அந்தம்மா பின்னாலிருந்து என் தோளைத் தொட்டாள்.

"நான் பெத்ததுங்க ரெண்டும் இந்த வாரம் வரேன், அடுத்த வாரம் வரேன்னு மூணு வருசமா தண்ணி காட்டுதுங்க, கலையரசு. உம் பொண்டாட்டி ஒரு வியாழக்கெழம கூட எனக்குத் தண்ணி காட்டுனதில்ல."

ரோகிணி திரும்பவில்லை. கியரை மாற்றினாள், வண்டி சீராகப் போய்க்கொண்டிருந்தது.