நாலாவது சில்லு

ஸாஹிரின் டயர் கடைக்கும் என் பலசரக்குக் கடைக்கும் நடுவில் ஒரு தகரம்தான் மறைப்பு. ஏறாவூரில் பதினெட்டு வருடமாக அவன் இருமினால் எனக்குக் கேட்கும். அவனைப் பற்றிக் குறை சொல்லச் சொன்னால் ஒரு நாள் போதாது. நாலு கேள்வி கேட்டால் ஒரு "ம்" வரும். ஆனால் வேலையில் ஒருவரும் வாய் திறக்க முடியாது. டயரில் ஆணி எங்கே ஏறியிருக்கிறது என்று தண்ணீர் ஊற்றிப் பார்க்கமாட்டான். காதை வைத்தே சொல்லிவிடுவான்.

எங்கள் தெருவில் எல்லா டயர் கடையிலும் ஒரே பழக்கம். வண்டியில் கழற்றிய சில்லை மெசினில் வைக்கும்போது காற்று அடிக்கிற வால்வை டயரைப் பிரிக்கும் இரும்புத் தட்டுக்கு நேரே வைத்துத்தான் அமுக்கத் தொடங்குவார்கள். சில்லு ஒரு சுற்றுச் சுற்றி வால்வு திரும்பி வந்தால், டயர் றிம்மை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். வேறு அடையாளம் தேவையில்லை. ஸாஹிரும் கண்ணை மூடிக்கொண்டு அப்படித்தான் செய்வான்.

எங்கள் ஊர் ஸுஹைனாவின் காருக்கு அந்தப் பழக்கம் ஆகாது. அவளுடைய கணவன் ஸியாம் கத்தாரில் வேலை செய்கிறான். அவளுடைய உம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் மட்டக்களப்பு ஆசுபத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கப் போகவேண்டி வந்தபோது, ஜப்பானில் ஓடிய பழைய கார் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். ஸுஹைனா முப்பத்தாறு வயதில் கார் ஓட்டப் பழகினாள். போகும்போது உம்மா முன்னால் இருப்பார். வரும்போது பின் இருக்கையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வருவார். அந்தப் படுக்கைக்காகத்தான் அந்தக் கார்.

உப்புக் காற்றில் காரின் றிம்கள் அரித்துக் காற்றுக் கசியத் தொடங்கின. ஸியாம் கத்தாரிலிருந்து நாலு அலோய் றிம் அனுப்பினான். கூடவே போனில் ஸாஹிரிடம் சொன்னான்: "நானா, பழைய றிம்முக்குள்ள நாலு சென்சர் இரிக்கி. காத்துக் குறைஞ்சா அதுதான் விளக்கு எரிச்சுக் காட்டும். பத்திரமாக் கழட்டிப் புதுசில போடுங்க."

அந்தச் சென்சர் வால்வின் அடியில், டயருக்கு உள்ளே இருக்கும். தீப்பெட்டி அளவுதான். வால்வைத் தட்டுக்கு நேரே வைத்து அமுக்கினால் நொறுங்கிவிடும். ஸாஹிருக்கு இது நன்றாகத் தெரியும். நாலு டயரிலும் வால்வுக்கு எதிர்ப்பக்கம் வெண்கட்டியால் கோடு போட்டு, அங்கிருந்துதான் தொடங்கினான். முதல் மூன்றையும் பூப்போல எடுத்தான்.

அது நெல் வெட்டுக் காலம். வயல் வட்டையில் நெல்லை ஏற்றி நின்ற உழவு மெசினின் இழுவைப் பெட்டிச் சில்லு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வயல்காரர் அழகரத்தினம் வந்தார். "தம்பி, மழை இருட்டுது, நெல்லு நனையப் போகுது" என்றார். ஸாஹிர் காரின் நாலாவது சில்லை ஒதுக்கி வைத்துவிட்டு அதைச் செய்து கொடுத்தான். வால்வைத் தட்டுக்கு நேரே வைத்து, வழக்கம்போல. பிறகு நாலாவது சில்லை எடுத்தான். கை பழைய வழிக்குத் திரும்பிவிட்டிருந்தது.

தகரத்துக்கு இந்தப் பக்கம் எனக்குச் சத்தம் கேட்டது. முறுக்குக் கடித்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். நான் எட்டிப் பார்த்தபோது அவன் மெசினை நிறுத்திவிட்டு, தான் போட்ட வெண்கட்டிக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு அவன் படாத பாடு பட்டான். கொழும்பில் எட்டுக் கடைக்குப் பேசினான். ஒரு கடை அனுப்பிய சென்சரைக் கார் ஏற்கவில்லை. ஸியாம் கத்தாரிலிருந்து அனுப்பியது வேறு அலைவரிசை. பழைய றிம்மையே திரும்பப் போட்டாலும் உடைந்தது உடைந்ததுதான். நாலில் ஒரு சென்சர் இல்லாததால் காரின் முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தபடியே இருந்தது.

ஸியாம் ஒரே பேச்சில் நின்றான். "விளக்கு எரியக் கார எடுக்கப்படாது." ஸாஹிர் பேசினான், அவனுக்கு அது பெரிய பேச்சு. "தம்பி, பிழை என்ட பிழை. டயருக்கு ஒண்டும் இல்ல. நானே வந்து காத்துப் பாக்கன்."

"நானா, போன வருசம் எங்கட கம்பனி வேன் டயர் வெடிச்சு என்னோட ஒரே அறையில இருந்த மூணு பேர் மௌத்தாப் போனாங்க. அதிலயும் விளக்கு எரிஞ்சதுதான். பழுதாப் போன விளக்கு எண்டு டிரைவர் விட்டுட்டான். மன்னிச்சுக்கங்க, எனக்கு ஏலா."

அவன் சொன்னதில் பிழையில்லை. எப்போதும் எரிகிற விளக்கு, மற்ற மூன்று சில்லுக்கும் ஆபத்து வந்தாலும் ஒன்றும் சொல்லாது. யாரையாவது திட்டலாமென்றால் ஆள் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

கார் வீட்டிலேயே நின்றது; ஒரு நாள் ஆசுபத்திரியிலிருந்து வரும் வழியில் ஸுஹைனா வாடகை ஆட்டோவைக் கடை முன்னால் நிறுத்தச் சொன்னாள். உம்மா அவள் தோளில் தலையைச் சாய்த்து, கால் மடங்கி, கண்ணை மூடி இருந்தார்.

"நானா, அந்த விளக்குக்கு மேல கறுத்த டேப் ஒட்ட ஏலாதா? அவர் வீடியோவுல பாத்தாலும் தெரியாதே."

நான் பொறுக்காமல், "ஒட்டிக் குடு மச்சான்" என்றேன். ஸாஹிர் டேப்பைக் கிழித்து விரலில் ஒட்டிக்கொண்டான். உம்மாவைப் பார்த்தான். பிறகு டேப்பை உருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"ஏலா தங்கச்சி. மெய்யாவே காத்துப் போனா உங்களுக்குத் தெரியாமப் போகும். உம்மா பின்னால படுத்திருப்பா."

ஆட்டோ போய்விட்டது. அன்று அவன் மத்தியானச் சோற்றைத் திறக்கவேயில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்ததும், காற்று அளக்கும் கேஜை எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போகிறான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே போகிறான். போன வெள்ளி என்னையும் கூட்டிக்கொண்டு போனான். காரின் மேல் முருங்கைப்பூ உதிர்ந்து கிடந்தது. புதிய றிம்கள் மட்டும் பளபளத்தன. அவன் குந்தியிருந்து நாலு சில்லையும் அளந்தான். எல்லாம் முப்பத்திமூன்று. நாலாவதை இரண்டு தரம் அளந்தான்.

"காத்துச் சரியா இரிக்கி, தங்கச்சி. ஒரு சொட்டும் குறையல்ல."

வாசலில் நின்ற ஸுஹைனா காரைப் பார்த்தாள்.

"ஓடினாத்தானே நானா குறையும்."